மணி ஒலிக்கிறது, கதவு திறக்கிறதா?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையிலே, பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே பயணம் செய்தவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வரிசை வரிசையாக ஆலைகள்! தெற்கே திரும்பினால் வல்லம், வடகால், ஒரகடம், அங்கும் ஆலைகள்! ஏரிப் பாசனமும் ஏர் உழவும் கண்ட பூமியிலே இன்று மோட்டார் வண்டி பிறக்கிறது, கைப்பேசி பிறக்கிறது, டயர் பிறக்கிறது. இரவென்றும் பகலென்றும் பேதமில்லை. ஒரு ஷிப்டு உறங்கப் போகும்போது மற்றொரு ஷிப்டு உழைக்க வருகிறது.

பெரிய ஆலைக்குள்ளே சென்று பாருங்கள். எரிவாயு செல்லும் குழாய் தனி வண்ணத்தில் இருக்கும். எந்தத் திசையில் வாயு போகிறது என்று அம்புக்குறி காட்டும். ஆங்காங்கே அடைப்பு வால்வு இருக்கும். காற்றிலே வாயு கலந்தால் மோப்பம் பிடித்துக் கூவுகின்ற கருவி இருக்கும். கூவினால் யார் எந்த வாசல் வழியாக ஓடவேண்டும் என்று ஒத்திகை பார்த்திருப்பார்கள். அங்கே செய்யப்படும் பொருளுக்கும் அதே காவல்தான். வண்டியின் எரிபொருள் தொட்டியில் கசிவு உண்டா, குளிர்சாதனக் குழாயில் கசிவு உண்டா என்று சோதித்த பிறகுதான் அது அடுத்த கைக்குப் போகும்.

நல்லது, வரவேற்கிறோம். இரும்புக்கு இத்தனை காவல் இருப்பது கண்டு மகிழ்கிறோம்.

ஆனால் அந்த இரும்பைச் சோதித்த கைக்குச் சொந்தக்காரன், ஷிப்டு முடிந்து பேருந்திலே ஏறி எங்கே போகிறான்? அவன் பின்னாலேயே நாமும் போவோம், வாருங்கள்.

ஊருக்குள்ளே ஒரு சந்து. சந்துக்குள்ளே வரிசையாகப் பத்து அறைகள். லைன் வீடு என்பார்கள். ஓர் அறைக்குள்ளே நான்கு பேர், ஆறு பேர், சில இடங்களிலே எட்டுப் பேர். திருவண்ணாமலையிலிருந்து வந்தவனும் இராமநாதபுரத்திலிருந்து வந்தவனும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவனும் அந்த வரிசையிலே இருப்பார்கள். ஒரு கதவு உண்டு. பல அறைகளில் சன்னல் இல்லை. மூலையிலே ஓர் அடுப்பு, அதன் பக்கத்திலே ஓர் எரிவாயு சிலிண்டர், அதன் பக்கத்திலே ஒரு பாய். பாயிலே, இரவு ஷிப்டு முடித்து வந்தவன், வெயில் படாதிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு பகலிலே உறங்குகிறான்.

அவன் தலைக்கும் சிலிண்டருக்கும் இடையே எத்தனை அடி? இரண்டடி, மூன்றடி. அங்கே மோப்பம் பிடிக்கும் கருவி உண்டா? இல்லை. அடைப்பு வால்வு எங்கே இருக்கிறதென்று எழுதிய பலகை உண்டா? இல்லை. ஒத்திகை பார்த்தவர் உண்டா? இல்லை, இல்லை!

ஆலையிலே கசிவைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு, அறையிலே கசிவைக் கண்டுபிடிக்க என்ன வழி? அதைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறோம்.

தேவரியம்பாக்கம் மறந்துபோயிற்றா?

"எங்கோ நடக்கிற விபத்தைச் சொல்லி ஏன் ஐயா பயமுறுத்துகிறீர்?" என்று கேட்போர் உண்டு. எங்கோ அல்ல, ஒரகடத்துக்கு அருகிலேயே நடந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள், காஞ்சிபுரம் மாவட்டம் தேவரியம்பாக்கத்திலே எரிவாயு சிலிண்டர் கிடங்கு ஒன்றில் தீப்பற்றியது. சிலிண்டர்கள் வெடித்தன. உடல் வெந்தவர்கள் மருத்துவமனைகளுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். அவர்களிலே பலர், அடுத்தடுத்த நாள்களிலே, ஒருவர் பின் ஒருவராக உயிர் நீத்தார்கள்.

நாளேடுகளிலே நான்கு நாள் செய்தி, பிறகு மறதி. மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஊரின் பெயரை இங்கே எழுதுகிறோம். கிடங்கிலே நூற்றுக்கணக்கில் இருப்பதுதான் நம் அறையிலே ஒன்றாக இருக்கிறது. எண்ணிக்கையிலே வேறுபாடு உண்டு. குணத்திலே வேறுபாடு இல்லை.

மணியைக் கட்டியது யார்?

நம் சமையலறைச் சிலிண்டரிலே இருப்பது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்த வாயு. அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால், ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். அதற்கு நிறமில்லை, தானாக வாசனையும் இல்லை என்றே சொல்லலாம்.

"வாசனை இல்லையா? அழுகிய முட்டைக்கோசு போல மூக்கைத் துளைக்கிறதே!" என்பீர்கள். அந்த நாற்றம் வாயுவின் நாற்றமல்ல. ஈத்தைல் மெர்காப்டன் என்னும் பொருளை வேண்டுமென்றே கலந்திருக்கிறார்கள். காற்றிலே இவ்வளவு வாயு கலந்தால் தீப்பற்றும் என்று ஓர் எல்லை உண்டல்லவா? அந்த எல்லையின் ஐந்தில் ஒரு பங்கை எட்டும்போதே மனித மூக்கு கண்டுகொள்ள வேண்டும் என்பதே கணக்கு.

மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலிலே ஆராய்ச்சி மணி கட்டினான் என்று கதை கேட்டிருக்கிறோம். வாயுவுக்குள்ளே கட்டப்பட்ட ஆராய்ச்சி மணிதான் இந்த நாற்றம்! அந்த மணி சும்மா கட்டப்படவில்லை. குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுத்த பிறகே கட்டப்பட்டது.

அமெரிக்காவிலே, டெக்சாசு மாநிலத்திலே, நியூ லண்டன் என்று ஓர் ஊர். எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் கொழித்த ஊர். அங்கே அழகான பள்ளிக்கூடம். கட்டடத்தைச் சூடேற்ற எரிவாயு வேண்டும். மாதாமாதம் பணம் கட்டி வாங்குவதை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கிணற்றிலிருந்து கழிவாக வரும் வாயுக் குழாயிலே இணைப்புப் போட்டுக்கொண்டார்கள். காசு மிச்சம்! அந்த வாயுவுக்கு வாசனை இல்லை. அது கசிந்து, கட்டடத்தின் அடித்தளத்திலே சேர்ந்தது. மாணவர்கள் தலைவலிக்கிறது என்றார்கள். காரணம் யாருக்கும் புலப்படவில்லை. 1937ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் பிற்பகல், ஆசிரியர் ஒருவர் தொழிற்பயிற்சிக் கூடத்திலே மின்சார இயந்திரம் ஒன்றின் சுவிட்சைப் போட்டார். ஒரு பொறி! பள்ளி மேலே எழும்பிக் கீழே இடிந்து விழுந்தது. மாண்டவர்கள் ஏறக்குறைய 300 பேர். பெரும்பாலோர் பிள்ளைகள்.

அதன் பிறகுதான், வாசனை கலக்காமல் வாயுவை விநியோகிக்கக் கூடாது என்று டெக்சாசு சட்டம் செய்தது. பிற நாடுகளும் அந்த வழியைப் பின்பற்றின. ஆகவே, அடுப்பங்கரையிலே அந்த நாற்றம் வரும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் நமக்காக அடிக்கின்ற மணி அது!

மணி மட்டும் போதுமா?

மணி ஒலித்தால் போதாது. கேட்கும் செவி வேண்டும். இங்கே செவியாக இருப்பது மூக்கு. மூக்கைப் பற்றிச் சில உண்மைகளை அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, மூக்கு சலித்துப்போகும். ஒரே வாசனையிலே தொடர்ந்து இருந்தால், சிறிது நேரத்தில் அது தெரியாமல் போய்விடும். ஆகையால், "முதலிலே நாறியது, இப்போது இல்லை, போய்விட்டது" என்று எண்ணுவது ஆபத்து. போகாமலும் இருக்கலாம், மூக்குதான் தூங்கியிருக்கும். வெளியிலிருந்து புதிதாக வருகிறவர் சொல்வதையே நம்ப வேண்டும்.

இரண்டாவது, சளி பிடித்தவருக்கும் முதியவருக்கும் மோப்பம் குறைவு. கொரோனா நோய் வந்து போனவர்களிலே சிலருக்கு மோப்ப சக்தி திரும்பவே இல்லை. உறங்குகிறவனையோ நாற்றம் எழுப்பும் என்று நம்ப முடியாது.

மூன்றாவதுதான் நெஞ்சை உலுக்குவது. சிலிண்டர் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. அது மேலே எழும்பாது. தண்ணீர் போலத் தரையிலே பரவும். கட்டிலுக்கு அடியிலே தேங்கும். வாசற்படி தாண்டி வழியும். சாக்கடையிலே இறங்கி அடுத்த வீட்டுக்கும் போகும். நின்றுகொண்டிருப்பவர் மூக்குக்கு எட்டாமல் தரையோடு படுத்திருக்கும். தொழிலாளி எங்கே படுத்திருக்கிறான்? அதே தரையிலே!

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்தடி நீளம், பத்தடி அகலம், ஒன்பதடி உயரம், சிறிய அறை. காற்றிலே நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு இந்த வாயு கலந்தாலே தீப்பற்றும். அறை முழுவதும் சமமாகக் கலந்தால்கூட, ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான வாயு போதும். தரையிலே ஓரடி உயரத்துக்குத் தேங்கினால் கால் கிலோவும் வேண்டியதில்லை. வீட்டுச் சிலிண்டரிலே இருப்பதோ 14.2 கிலோ! சன்னல் இருந்து காற்றோட்டமும் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். சன்னல் இல்லாத அறையிலே கணக்கைத் தீப்பொறிதான் முடித்து வைக்கும்.

மணியே பழுதுபட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் கடந்த சான்று ஒன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டின் கடைசித் திங்கள்களிலே இலங்கையில் வீட்டுக்கு வீடு அச்சம். எரிவாயுக் கசிவும் அடுப்பு வெடிப்புமாக நாளுக்கொரு செய்தி. விசாரணை வைத்தார்கள். சிலிண்டரிலே பியூட்டேனும் புரோப்பேனும் கலக்கும் விகிதத்தை மாற்றியிருந்தது வெளியே வந்தது. புரோப்பேன் கூடினால் சிலிண்டருக்குள்ளே அழுத்தம் கூடும். பழைய இரப்பரும் பழைய ரெகுலேட்டரும் தாங்குமா? வாசனைப் பொருள் போதுமான அளவிலே இருக்கிறதா என்ற கேள்வியும் எழுந்தது. அதன் பிறகு, வந்த கப்பலிலேயே சோதனை நடத்தி, மெர்காப்டன் குறைவு என்று சரக்கை இறக்க மறுத்தார்கள். மக்கள் கேள்வி கேட்டார்கள்; சோதனை வந்தது. இதிலே நமக்குப் பாடம் உண்டல்லவா?

பங்க்சர் கடையின் பாடம்

அப்படியானால் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? விலை உயர்ந்த கருவி வேண்டுமோ? வேண்டாம். சாலையோரத்துப் பங்க்சர் கடைக்காரர் நமக்குக் கற்றுக்கொடுப்பார். டியூபிலே ஓட்டை எங்கே என்று அவர் எப்படிப் பார்க்கிறார்? காற்றை அடைத்துத் தண்ணீரிலே அமிழ்த்துகிறார். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. அவ்வளவுதான் விஞ்ஞானம்!

சோப்பைத் தண்ணீரிலே கரைத்து நுரை வரக் கலக்குங்கள். அறையிலே எந்த நெருப்பும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அடுப்புத் திருகுகளை மூடியபடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். ஒரு துணியாலோ தூரிகையாலோ நுரையைத் தடவுங்கள். சிலிண்டரின் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம், ரெகுலேட்டரும் இரப்பர்க் குழாயும் சேரும் இடம், குழாய் முழு நீளமும், குழாய் அடுப்பிலே சேரும் இடம், அடுப்பின் திருகுகள். எங்கே நுரை பொங்கிப் பொங்கிக் குமிழியாகிறதோ அங்கே கசிவு. புதுச் சிலிண்டர் மாட்டும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும்.

தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம், வேண்டவே வேண்டாம்! கசிவு இருக்கிறதா என்ற கேள்விக்குத் தீக்குச்சி பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்க நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

வேறு அடையாளங்களும் உண்டு. "உஸ்" என்ற மெல்லிய ஓசை. அடுப்பு எரியாதபோதும் வால்வைச் சுற்றிப் பனி பூத்தது போன்ற வெண்மை. நாற்பது நாள் வரவேண்டிய சிலிண்டர் முப்பது நாளிலே தீர்ந்துபோவது. சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் அது பர்னரின் கோளாறு. அதையும் சரிசெய்ய வேண்டும், ஆயினும் கசிவுக்கு அடையாளம் அதுவல்ல.

சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம், எடையும் கசிவும் சோதித்துக் காட்டும்படி கேளுங்கள். அது அவர் செய்யும் சலுகையல்ல, உங்கள் உரிமை. மூடியைத் திறந்ததும் வால்வுக்குள்ளே இருக்கும் சிறு இரப்பர் வளையம் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கசிவுக்கு அந்தச் சிறு வளையமும் வெடிப்புவிட்ட இரப்பர்க் குழாயுமே காரணம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை பின்னிய குழாயை வாங்குங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். ஐந்து ஆண்டு ஆனதும் மாற்றிவிடுங்கள். இரண்டு துண்டுக் குழாயை ஒட்டுப்போடாதீர்கள். சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும்.

மணி ஒலித்துவிட்டது, இனி?

நாற்றம் வந்துவிட்டது. அப்போது செய்யவேண்டியது சில. செய்யக் கூடாதது சில.

முதலில் கை சுவிட்சுக்குத்தான் போகும். இருட்டிலே விளக்கைப் போடுவோம், வாயுவைத் துரத்த மின்விசிறியைப் போடுவோம் என்று. தொடாதீர்கள்! போடுவதும் பொறிதான், அணைப்பதும் பொறிதான். எது எரிகிறதோ எரியட்டும். எது அணைந்திருக்கிறதோ அணைந்தே இருக்கட்டும். சுடர் மட்டும் எது இருந்தாலும் அணையுங்கள்: அடுப்பு, அகல்விளக்கு, ஊதுவத்தி, பீடி. ரெகுலேட்டரை மூடுங்கள். கதவையும் இருக்கிற சன்னலையும் திறங்கள். உறங்குகிறவர்களை எழுப்பி வெளியேற்றுங்கள். அண்டை அறைக்காரரையும் அழையுங்கள். அழைப்பு மணியை அழுத்தாமல், குரல் கொடுத்து. கசிவு நிற்கவில்லையானால், முடிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றிப் பாதுகாப்பு மூடியை வால்வின்மேல் அழுத்தி மாட்டுங்கள். சாக்கடையும் கிணறும் இல்லாத திறந்தவெளிக்குச் சிலிண்டரைக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் விட்டுவிட்டு வெளியேறுங்கள். உயிரைவிடச் சிலிண்டர் பெரிதல்ல.

வெளியே வந்து, தள்ளி நின்று, பிறகு கைப்பேசியை எடுங்கள். 1906 என்பது எரிவாயுக் கசிவுக்கென்றே உள்ள எண். 2016ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதற்கும் அது உண்டு. தீப்பிடித்துவிட்டால் 101. இந்த இரண்டு எண்களையும் கதவின் உட்புறத்திலே கரியாலாவது எழுதி வையுங்கள்.

குழாய் வழி வாயு வருகிறது

காலம் மாறுகிறது, இன்னொரு வாயுவும் வருகிறது. எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திலே திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. காஞ்சிபுரம் பகுதிக்கும், சென்னை, திருவள்ளூர்ப் பகுதிக்கும் நகர எரிவாயு விநியோக உரிமம் 2018ஆம் ஆண்டிலே வழங்கப்பட்டது. தண்ணீர்க் குழாய் போல வாயுக் குழாய் வீட்டுக்கு வரும் காலம் இது. வரட்டும்; ஆனால் அதன் குணத்தை அறிந்து வரவேற்போம்.

குழாயிலே வருவது மீத்தேன். அது காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே எழும்பிக் கூரையோடு தங்கும். சிலிண்டர் வாயு தரையிலே. குழாய் வாயு கூரையிலே. கசிவைக் கூவிச் சொல்லும் கருவி வாங்கி மாட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. சிலிண்டர் வைத்திருப்பவர் கருவியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மாட்டவேண்டும். குழாய் இணைப்பு உள்ளவர் கூரைக்கு அருகே மாட்டவேண்டும். இடம் மாறினால் கருவி சுவருக்கு அலங்காரமே தவிர, உயிருக்குக் காவலல்ல.

குழாய் இணைப்பிலே கசிவைக் காண எளிய வழி ஒன்று உண்டு. இரவு படுக்கும்முன் எல்லா அடுப்பையும் மூடிவிட்டு மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும், அடுப்பைத் தொடுமுன் மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ வாயு ஓடுகிறது. வீட்டுக்கு வெளியேயும் கண் வேண்டும். பள்ளம் தோண்டிய தெருவிலே நாற்றம் வந்தால், தேங்கிய மழைநீரிலே காரணமின்றிக் குமிழி எழுந்தால், சுற்றிலும் பசுமையாக இருக்க ஓரிடத்துப் புல் மட்டும் கருகினால், பூமிக்குள்ளே போகும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். இந்தத் தொழில் வட்டாரத்திலே பள்ளம் தோண்டாத நாளுண்டா? சாலைக்குத் தோண்டுகிறார்கள், கேபிளுக்குத் தோண்டுகிறார்கள். கீழே என்ன ஓடுகிறதென்று கேட்டறிந்து தோண்டுவதற்காக 2023ஆம் ஆண்டிலே ஒன்றிய அரசு ஒரு செயலியையே வெளியிட்டது. ஜே.சி.பி. ஓட்டும் தோழர்கள் மண்ணிலே கை வைக்குமுன் கேட்கட்டும்!

கேட்காமலும் கவனிக்காமலும் இருந்தால் என்ன ஆகும்? ஆந்திரத்திலே, கோதாவரிக் கரையோரத்து நகரம் என்னும் சிற்றூர் சாட்சி. 2014ஆம் ஆண்டு சூன் திங்கள் 27ஆம் நாள் விடியற்காலையிலே, அவ்வூர் வழியே சென்ற எரிவாயுக் குழாய் கசிந்து தீப்பற்றியது. உலர்ந்த வாயு செல்லவேண்டிய குழாயிலே ஈரம் கலந்த வாயு சென்று, இரும்பு அரித்துப்போயிருந்தது. 20 பேருக்கு மேல் கருகி மாண்டார்கள். தங்கள் ஊர் மண்ணுக்கடியில் ஓடியது தங்கள் அடுப்புக்குக்கூட வராத வாயு. அதனால் மடிந்தவர்கள் அவர்கள்.

யார் பொறுப்பு?

இதுவரை சொன்னது, தொழிலாளி செய்யவேண்டியது. அதோடு நிறுத்திக்கொண்டால் பழியைத் தொழிலாளி தலையிலேயே சுமத்தியவர்கள் ஆவோம். "சோப்புத் தண்ணீர் தடவவில்லை, ஆகவே செத்தான்" என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அவன் அந்தச் சிலிண்டரை எங்கே வாங்கினான்? ஏன் அங்கே வாங்கினான்? அதையல்லவா கேட்கவேண்டும்?

எந்தச் சந்திலும் கேட்கக்கூடிய உரையாடல் இது.

"அக்கா, ரூமிலே கேஸ் வாடை தங்கிப்போகுது. ஒரு சன்னல் வைத்துக் கொடுத்தீர்களானால் நன்றாக இருக்கும்."

"சன்னலா? இந்த வாடகைக்கு இது போதாதா தம்பி? பிடிக்கலைன்னா காலி பண்ணிக்கோ. நாளைக்கே ஆள் வருது."

"வாடகை ஒப்பந்தமாவது எழுதிக் கொடுங்கக்கா, சிலிண்டர் இணைப்பு வாங்கிக்கிறேன்."

"ஒப்பந்தமெல்லாம் கிடையாது தம்பி."

ஒப்பந்தம் இல்லை, ஆகவே முகவரிச் சான்று இல்லை, ஆகவே முறையான இணைப்பு இல்லை. பெரிய சிலிண்டரிலிருந்து சிறு சிலிண்டருக்குத் திருட்டுத்தனமாக வாயு நிரப்பித் தருகிற கடைக்குப் போகிறான். அப்படி நிரப்புவது சட்டப்படி குற்றம். அந்தக் கள்ளச் சிலிண்டருக்குச் சோதனைத் தேதியும் கிடையாது, பொறுப்பேற்பவரும் கிடையாது.

முறையான இணைப்பு வைத்திருப்பவருக்கு விபத்து நேர்ந்தால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு உண்டு. உயிரிழந்தால் ஒருவருக்கு 6 இலட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 இலட்சம் ரூபாய் வரை. பொருட்சேதத்துக்கும் உண்டு, பதிவான முகவரியாக இருந்தால் மட்டும்! பதிவே இல்லாதவனுக்கு? கள்ளச் சிலிண்டரால் வெந்தவனுக்கு? அவன் வீட்டார் எந்தக் கதவைத் தட்டுவார்கள்?

இங்கேயும் ஒரு வழி உண்டு. பலர் அறியாத வழி. ஐந்து கிலோ சிறு சிலிண்டரை, முகவரிச் சான்று இல்லாமலேயே, அடையாளச் சான்று ஒன்றை மட்டும் காட்டி எண்ணெய் நிறுவனங்களின் முகவரிடம் வாங்கலாம். சந்துக் கடையிலே சாவை வாங்குவதைவிட இது எத்தனையோ மேல். இந்தச் செய்தியை ஒவ்வொரு லைன் வீட்டுக்கும் கொண்டுசெல்ல வேண்டும். தமிழிலே மட்டுமல்ல, ஒடியா பேசும் தோழனுக்கு ஒடியாவிலே, வங்கத் தோழனுக்கு வங்காளத்திலே, இந்தி பேசுகிறவனுக்கு இந்தியிலே. அவனவன் தாய்மொழியிலே சொன்னால்தான் ஆபத்து வேளையிலே நினைவுக்கு வரும். தாய்மொழியின் அருமையை நம்மைவிட யார் அறிவார்?

வல்லம் வடகாலிலே, 18,720 தொழிலாளர் தங்குவதற்கென சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திறந்துவைக்கப்பட்டது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளிக்கு வீடு என்பது ஆலைத் திட்டத்தின் ஒரு பகுதி என்ற எண்ணம் வந்திருக்கிறதே, அது நல்ல தொடக்கம். தொடக்கம் என்றுதான் சொல்கிறோம். முடிவு என்று சொல்லவில்லை. சந்திலே வாழ்பவர் தொகை பெரிது. அவர்கள் அனைவருக்கும் மாளிகை எழும்வரை சன்னலாவது வேண்டாமா?

ஆகவே கேட்கிறோம். வாடகைக்கு விடும் அறையிலே தரையோடு ஒரு துவாரமும் மேலே ஒரு சன்னலும் இருக்கவேண்டும் என்று ஊராட்சி பார்க்கக் கூடாதா? ஆயிரம் பேரைப் பேருந்திலே ஏற்றி அழைத்து வரும் ஆலை நிர்வாகம், அவர்கள் இறங்கும் இடத்தை ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கக் கூடாதா? ஆலைக்குள் நடக்கும் பாதுகாப்புப் பாடத்திலே அரை மணி நேரத்தை வீட்டு அடுப்புக்கு ஒதுக்கக் கூடாதா? கள்ளச் சிலிண்டர் நிரப்பும் கடையை அதிகாரிகள் விபத்துக்குப் பின் அல்லாமல், முன்பே மூடக் கூடாதா? வீட்டு உரிமையாளர்களே, நீங்களும் அந்தச் சந்திலேதான் குடியிருக்கிறீர்கள். வாயு, வாடகைக்காரன் யார், சொந்தக்காரன் யார் என்று கேட்டுப் பரவுவதில்லை!

தோழர்களே, இன்றிரவு ஒன்று செய்யுங்கள். ஒரு கிண்ணத்திலே சோப்பைக் கரையுங்கள். உங்கள் அறையிலே தடவிப் பாருங்கள். பக்கத்து அறைக்காரரையும் அழைத்துக் காட்டுங்கள். குமிழி எழுந்தால் ஓர் உயிர் பிழைத்தது என்று பொருள். எழாவிட்டால் நிம்மதியாக உறங்குங்கள்; ஆனால் கதவுக்கு மேலே ஒரு சன்னல் கேட்பதை நிறுத்தாதீர்கள்.

மணியை எவரெவரோ கட்டிவிட்டார்கள், அது ஒலிக்கிறது. கதவைத் திறப்பது நம் வேலை.